லட்சங்களைத் தாங்கும் ஊசி

விலையுயர்ந்த வாட்சின் செயின் அறுந்தால் புதிதாக மாற்றுவதா, பழையதையே சீர்செய்வதா? அவசர முடிவு, அறுந்த செயினைவிடப் பெரிய நஷ்டத்தில் கொண்டுபோய் விடலாம்.

பருமன் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். நீளம் இரண்டு சென்டிமீட்டர். ஒரு மெல்லிய குழாய், அதற்குள் ஒரு சின்னஞ்சிறு சுருள்வில், அழுத்தினால் உள்ளே போய் விட்டால் வெளியே வரும் இரண்டு முனைகள். ‘ஸ்பிரிங் பார்’ என்று கடைக்காரர்கள் சொல்லும் இந்த ஊசி கொல்கத்தாவின் ராதா பஜாரிலும் டெல்லியின் சாந்தினி சௌக்கிலும் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். ஐந்து லட்ச ரூபாய் வாட்ச் ஒன்றை மணிக்கட்டில் பிடித்து வைத்திருப்பதும் இதே இனத்தைச் சேர்ந்த இரண்டு ஊசிகள்தான். அவற்றில் ஒன்று நழுவினால் போதும், வாட்ச் தரையை நோக்கிப் பாய்ந்துவிடும்.

அறுந்த செயினோடு பழுதுபார்க்கும் கடைக்கு வருபவர்கள் இரண்டு ரகம். சொந்தச் சம்பாத்தியத்தில் ஸ்விஸ் வாட்ச் வாங்கியவர்கள் ஒரு ரகம். ஸ்விட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு ஐரோப்பிய நாடுகளோடு இந்தியா 2024 மார்ச்சில் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. ஸ்விஸ் வாட்சுகள் மீதான இறக்குமதி வரியைப் படிப்படியாக நீக்க அது வழிசெய்திருப்பதால் இவர்களின் எண்ணிக்கை கூடவே செய்யும். தாத்தாவோ அப்பாவோ விட்டுச்சென்ற வாட்சைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிக்கொள்பவர்கள் இன்னொரு ரகம். ஃபேவர் லூபா 1865லேயே இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டது. வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி பம்பாயில் தொடங்கப்பட்டது 1886இல். ஆக, இந்தியக் குடும்பங்களில் ஸ்விஸ் வாட்சுக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது.

இரு ரகத்தினரும் முதலில் கேட்பது ‘எவ்வளவு ஆகும்?’ என்றுதான். அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. உண்மையில் அறுந்தது எது? உள்ளே இருக்கும் இயந்திரம் நின்றுபோனால் கண்ட கையில் கொடுக்கத் தயங்குபவர்கள்கூட, செயின் என்றால் ‘ஒரு ஊசிதானே’ என்று பக்கத்துத் தெருவில் நீட்டிவிடுகிறார்கள். அல்லது அதற்கு நேர்மாறாக, சின்னப் பழுதுக்குச் செயினையே மாற்றச் சம்மதித்துவிடுகிறார்கள். இரண்டுமே திரும்பப் பெற முடியாத இழப்பில் முடியலாம்.

நான்கு வகைப் பழுது

பெரும்பாலான நேரங்களில் செயினின் உலோகம் அறுவதே இல்லை. அதைக் கோத்திருக்கும் ஏதோ ஒரு சிறு பாகம்தான் கைவிடுகிறது. முதல் சந்தேகம் ஸ்பிரிங் பார் மீது விழ வேண்டும். வாட்சின் உடலோடு செயினை இணைப்பது இதுதான். முனை தேய்ந்திருக்கலாம், உள்ளே வில் துருப்பிடித்துச் செத்திருக்கலாம், அல்லது போன முறை செயினைக் கழற்றி மாட்டியவர் முனை துளைக்குள் முழுசாக விழுந்ததா என்று பார்க்காமல் விட்டிருக்கலாம். புதிய ஊசி போட்டால் கதை முடிந்தது. ஆனால் நீளம் சரியாக இருப்பது மட்டும் போதாது. துளையின் அகலத்துக்கு ஏற்ற முனையும் வேண்டும். சீகோவின் டைவிங் வாட்சுகள் பலவற்றில் இரண்டரை மில்லிமீட்டர் பருமனுள்ள தடித்த ஊசி இருக்கும். அங்கே சாதாரண ஊசியைப் போட்டால் மாட்டிக்கொள்ளும், ஆனால் ஆடிக்கொண்டே இருக்கும்.

இந்த ஒற்றை ஊசியின் அபாயத்தை ராணுவங்கள் முன்பே உணர்ந்திருந்தன. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் 1973இல் தரநிர்ணயம் செய்த நைலான் வார் ஒரே நீளத் துண்டாக இரு ஊசிகளுக்குள்ளும் புகுந்து வாட்சின் அடியில் ஓடுகிறது. ஒரு ஊசி போனாலும் இன்னொன்று வாட்சைத் தாங்கிக்கொள்ளும். உலோகச் செயினுக்கு அந்த வசதி கிடையாது.

இரண்டாவது, கண்ணிகளைக் கோக்கும் பின் அல்லது திருகு. விலை குறைந்த செயின்களில் தட்டி இறக்கும் பின், உயர்ந்தவற்றில் பெரும்பாலும் நுண்ணிய திருகு. தினமும் நூறு முறை மடங்கி நிமிரும் மணிக்கட்டில் திருகு மெல்ல மெல்லப் பின்வாங்கி ஒரு நாள் காணாமல் போகும். இதற்கும் மருந்து எளிது. சரியான திருகைப் போட்டு, மரையில் துளியளவு திருகுப் பசை வைத்தால் போதும். அளவு தவறிய திருகாணியால் திருப்பித் தலையைச் சிதைத்துவிட்டால்தான் எளிய வேலை கடினமாகிறது.

மூன்றாவது பூட்டு, கடைமொழியில் லாக். அதற்குள் மடியும் தகடு வளைந்திருந்தால் நிமிர்த்தலாம், கவ்வும் நாக்கு தேய்ந்திருந்தால் சரிசெய்யலாம் அல்லது பூட்டை மட்டும் மாற்றலாம். நான்காவதுதான் உண்மையான முறிவு. கண்ணியே விரிசல் விடுவது, துளையின் சுவர் தேய்ந்து கிழிவது, வாட்சின் உடலைத் தொடும் முனைக் கண்ணி பிளப்பது. இங்கேதான் பற்றவைப்பு, லேசர் என்று பெரிய சிகிச்சைகள் தேவைப்படும். முதல் மூன்று பழுதுகளுக்கு நான்காவதற்கான பில் போடப்படுவது வாடிக்கையாளரின் அறியாமையால்தான்.

வியர்வை செய்யும் வேலை

துருப்பிடிக்காத எஃகுதானே, ஏன் கெடுகிறது? இந்தக் கேள்விக்கு விடை எஃகின் தோலில் இருக்கிறது. உயர்ரக வாட்சுகளில் பரவலாகப் பயன்படும் 316எல் ரக எஃகில் 16 முதல் 18 சதவிகிதம் குரோமியம் உண்டு. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து அது கண்ணுக்குத் தெரியாத ஒரு கவசப் படலத்தை உருவாக்குகிறது. கீறல் விழுந்தாலும் படலம் தானே வளர்ந்துவிடும், ஆக்சிஜன் கிடைக்கும்வரை. ஊசி செருகியிருக்கும் துளைக்குள் காற்று புகுவதில்லை. வியர்வை மட்டும் புகுந்து தேங்குகிறது. அதிலுள்ள உப்பின் குளோரைடு கவசத்தைத் தின்ன, உள்ளிருந்தபடியே உலோகம் குழி விழுந்து அரிக்கப்படுகிறது. வெளியே பளபளப்பு, உள்ளே அரிப்பு.

மும்பை, சென்னை, கொச்சி போன்ற கடலோர நகரங்களில் வியர்வையும் உப்புக் காற்றும் கைகோக்கின்றன. ரோலெக்ஸ் நிறுவனம் 1985இல் 904எல் என்ற இன்னும் உறுதியான எஃகுக்கு மாறத் தொடங்கியதே அரிப்பைத் தாக்குப்பிடிக்கத்தான். அதில் குரோமியம், நிக்கல், மாலிப்டினம் மூன்றும் அதிகம். ஆனால் எந்த எஃகானாலும் கழுவாமலேயே கட்டினால் நெடுநாள் தாங்காது.

இன்னொரு எதிரி அழுக்கு. பழைய செயின் ‘நீண்டுவிட்டது’ என்று சொல்வார்கள். உலோகம் ரப்பர் போல நீள்வதில்லை. தூசியும் வியர்வையும் கலந்த பசை, உப்புத்தாள் போலச் செயல்பட்டுப் பின்னையும் துளையையும் தேய்க்கிறது. ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு மயிரிழை இடைவெளி கூடி, எல்லாம் சேர்ந்து செயின் தொளதொளவென்று தொங்குகிறது. தங்கம் எஃகைவிட மென்மை என்பதால் தங்கச் செயின்களில் இது இன்னும் வேகமாக நடக்கும். ரோலெக்ஸ் தன் பிரசிடெண்ட் செயினின் கண்ணிகளுக்குள் இப்போது பீங்கான் குழாய்களைப் பதிப்பது இந்தத் தேய்மானத்தைத் தடுக்கத்தான்.

சோதிப்பது சுலபம். வாட்சைப் பக்கவாட்டில் படுக்கை வசமாகப் பிடித்தால், நல்ல செயின் ஏறக்குறைய நேராக நிற்கும். தேய்ந்த செயின் வாழைநார் போலத் துவண்டு விழும். அப்படி விழும் செயின் என்றேனும் ஒரு நாள் அறும் என்பதை முன்கூட்டியே சொல்லும் ஜாதகம் அது.

மாற்றினால் போவது என்ன?

நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சேவை மையத்துக்குப் போனால் வேலை சுத்தம், உத்தரவாதம் உண்டு. வாட்ச் உத்தரவாதக் காலத்துக்குள் இருந்தால் வேறெங்கும் போகவே கூடாது. ஆனால் பல மையங்களில் தனிக் கண்ணியைச் சீர்செய்யும் வழக்கம் இல்லை. பழுதான பகுதியை, சில சமயம் செயின் முழுவதையும், புதிதாக மாற்றுவதே அவர்கள் முறை. புது வாட்சுக்கு அது நியாயம். நாற்பது வருட வாட்சுக்கு அது வேறு விஷயம்.

பழைய வாட்சுகளில் செயினும் வாட்சின் பிறப்புச் சான்றிதழில் ஒரு பகுதி. ரோலெக்ஸ் செயின்களின் முனைக் கண்ணியிலும் பூட்டிலும் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 1976 முதல் பல ஆண்டுகள் பூட்டின் உட்புறம் ஆங்கில எழுத்து ஒன்று அது தயாரான ஆண்டைக் குறித்தது. பழுதுக்குப் பின் மாற்றப்பட்ட பூட்டுக்குத் தனி அடையாள எழுத்தும் உண்டு. வாட்சின் ஆண்டும் பூட்டின் ஆண்டும் ஒத்துப்போனால் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தருவார்கள். பளபளக்கும் புதுச் செயினோடு வரும் பழைய வாட்சுக்கு விலையைக் குறைப்பார்கள். பழைய செயினைத் திருப்பிக் கேட்டு வாங்காமல் வந்துவிட்டால் அந்த இழப்பை ஈடுகட்ட வழியே இல்லை.

அந்தப் பழைய செயின்களுக்கும் ஒரு வம்சம் உண்டு. ஜெனீவாவில் 1835இல் தொடங்கப்பட்ட கே ஃப்ரேர் என்ற பட்டறைதான் ரோலெக்ஸ், பட்டேக் ஃபிலிப், ஆடிமார் பிகே என்று பல பெரிய பெயர்களுக்குச் செயின் செய்துகொடுத்தது. அதை ரோலெக்ஸ் 1998இல் வாங்கிக்கொண்டது. அந்தக் காலத்துச் செயின்கள் பலவற்றில் கண்ணி என்பது திடமான உலோகத் துண்டல்ல, மடித்த தகடு. எடை குறைவு, தேய்மானம் அதிகம். ஆனாலும் அந்த மடிப்புத் தகட்டைத்தான் அறிந்தவர்கள் தேடுகிறார்கள்.

செயினும் உடலும் ஒன்றாகவே வடிவமைக்கப்பட்ட வாட்சுகளில் சிக்கல் இன்னும் கூடுதல். ஜெரால்ட் ஜென்டா வரைந்து 1972இல் ஆடிமார் பிகே வெளியிட்ட ராயல் ஓக், 1976இல் பட்டேக் ஃபிலிப் வெளியிட்ட நாட்டிலஸ் இரண்டும் இந்த வகைக்குப் புகழ்பெற்ற உதாரணங்கள். சாதாரண வாட்சில் செயின் போனால் தற்காலிகமாகத் தோல் வார் மாட்டலாம். இவற்றில் கடையில் கிடைக்கும் எந்த வாரும் பொருந்தாது. ராயல் ஓக் செயினின் கண்ணிகள் பூட்டை நோக்கிப் போகப்போகக் குறுகிக்கொண்டே போவதால் ஓரிடத்துக் கண்ணியை இன்னோரிடத்தில் பொருத்தவும் முடியாது. ஒரு கண்ணி உடைந்தால் அதே கண்ணிதான் வேண்டும், அல்லது உடைந்ததையே பிழைக்கவைக்க வேண்டும்.

ஊதுகுழலும் லேசரும்

உடைந்த கண்ணியைப் பிழைக்கவைக்கும் கலை இந்தியாவுக்குப் புதிதல்ல. நகைப் பத்தர்களுக்குக் கண்ணி ஒட்டுவது அன்றாட வேலை. ஆபத்தும் அங்கேயேதான் தொடங்குகிறது. அவர்கள் கை பழகியது 22 காரட் தங்கத்தில். வாட்ச் செயின்கள் பெரும்பாலும் 18 காரட், அதாவது 75 சதவிகிதம் தங்கம். அதன் நிறமும் உருகும் வெப்பமும் வேறு. அதற்கேற்ற பற்றாசு வைத்து ஊதாவிட்டால் ஒட்டிய இடம் தழும்பு போலத் தனியாகத் தெரியும். அதைவிட மோசம் ஈயப் பற்று. ரேடியோ ஒட்டுவது போல ஈயத்தில் ஒட்டிய தங்கத்தைப் பின்னொரு நாள் யாராவது சூடேற்றினால் ஈயமும் வெள்ளீயமும் தங்கத்தை அரித்துக் குழி பறித்துவிடும். முலாம் பூசிய செயினுக்கு ஊதுகுழல் காட்டினால் முலாம் எரிந்துபோகும்.

எஃகின் பாடு வேறு. அதை ஊதுகுழலால் சூடேற்றினால் சுற்றிலும் நீலமும் பழுப்புமாக நிறம் பாயும். அந்த இடத்தில் குரோமியக் கவசம் பலவீனமாகி, ஒட்டிய சில மாதத்திலேயே அருகில் துரு எட்டிப்பார்க்கும். இதற்குத்தான் லேசர். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான புள்ளியில் மட்டும் ஒளிக்கற்றையைப் பாய்ச்சி, அதே உலோகத்தின் நூலிழைக் கம்பியை உருக்கிப் பள்ளத்தை நிரப்புகிறது இந்த இயந்திரம். வெப்பம் பரவுவதில்லை. காற்று தாக்காமல் ஆர்கான் வாயு காவலிருக்கிறது. தேய்ந்து அகன்ற துளையை இப்படி நிரப்பி மீண்டும் சரியான அளவில் துளையிடலாம். மும்பை, ராஜ்கோட், கோவை போன்ற நகைத் தொழில் நகரங்களில் இந்த இயந்திரங்கள் உண்டு. இயந்திரம் இருப்பதும் வாட்ச் செயின் தெரிந்திருப்பதும் ஒன்றல்ல என்பதால், வேலையை ஒப்படைக்கும் முன் அவர் ஏற்கெனவே செய்த செயின்களைப் பார்ப்பது நல்லது.

எல்லாவற்றுக்கும் லேசர் மருந்தாகாது. பீங்கான் கண்ணி உடைந்தால் ஒட்ட வழியில்லை, மாற்றத்தான் வேண்டும். கறுப்புப் பூச்சுள்ள எஃகைப் பற்றவைத்தால் அந்த இடத்தில் பூச்சு போய்விடும். பற்றவைத்த தடத்தை மறைக்கப் போடும் பாலிஷும் ஒரு கத்திதான். ஒவ்வொரு பாலிஷும் உலோகத்தில் ஒரு அடுக்கைச் சுரண்டி எடுக்கிறது. மேற்புறம் மங்கலான கோடுகளும் ஓரம் கண்ணாடிப் பளபளப்புமாக இருக்க வேண்டிய கண்ணி, பஃப் சக்கரத்தில் நாலு முறை ஓடினால் சோப்புக் கட்டி போல மழுங்கிவிடும். பழுதான கண்ணியை மட்டும் தொட்டுவிட்டு மற்றதை விட்டுவிடச் சொல்வதே விவேகம்.

பட்டறையில் பஞ்சம்

மாற்றித் தரும் சேவை மையத்துக்கும் ஊதிக் கெடுக்கும் கைக்கும் நடுவே இருப்பவர், கண்ணில் லென்ஸ் மாட்டிச் சிறு மேஜையின் முன் குனிந்திருக்கும் வாட்ச் மெக்கானிக். ஜப்பானின் சிட்டிசனோடு கூட்டுச் சேர்ந்து எச்.எம்.டி. 1961இல் பெங்களூரில் வாட்ச் தயாரிக்கத் தொடங்கிய பின், சாவி கொடுக்கும் வாட்சுகளை நம்பி ஊருக்கு ஊர் இந்த மேஜைகள் பெருகின. டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் 1984இல் உருவாக்கிய டைட்டன், ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் வாட்சுகளைப் பரப்பியபோது வேலையின் தன்மை மாறியது. பேட்டரி மாற்றுவதும் வார் மாட்டுவதுமே பிழைப்பானது. செல்போன் வந்த பிறகு அதுவும் சுருங்கியது. எச்.எம்.டி. வாட்ச் பிரிவை மூட மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது.

திறமை மிஞ்சியிருக்கும் மேஜைகளுக்கு வேறொரு நெருக்கடி: உதிரி பாகம். உயர்ரக ஸ்விஸ் நிறுவனங்களில் பல, அசல் பாகங்களைத் தங்கள் அங்கீகாரம் பெற்றவர்களுக்கு மட்டுமே தருகின்றன. அசல் திருகு ஒன்று கிடைக்காததால் நல்ல மெக்கானிக்கூடப் போலியைப் போட வேண்டியிருக்கிறது, அல்லது கடைசல் எந்திரத்தில் தானே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. இது இந்தியாவின் தலைவலி மட்டுமல்ல. ஐரோப்பாவின் தனியார் பழுதுபார்ப்போர் சங்கங்களின் கூட்டமைப்பு 2004இல் ஐரோப்பிய கமிஷனிடம் புகார் செய்து, பல சுற்று வழக்கு நடத்தியது. தயாரிப்பாளர்கள் தாங்கள் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும் பாகம் தருவதில் போட்டிச் சட்ட மீறல் இல்லை என்ற கமிஷனின் முடிவை 2017 அக்டோபரில் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் உறுதி செய்தது.

நிறுவனங்களின் வாதம் புறக்கணிக்கத் தக்கதல்ல. பயிற்சியில்லாத கையில் அசல் பாகம் போனால் கெடுவது தங்கள் பெயர், போலிகளில் அசல் பாகத்தைக் கலந்து விற்கவும் அது வழிவகுக்கும் என்கிறார்கள். ஆனால் ஒரு ஸ்பிரிங் பாருக்கும் ஒரு கண்ணித் திருகுக்கும் இந்த வாதம் எவ்வளவு தூரம் பொருந்தும்? இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’ பற்றி ஆராய 2022 ஜூலையில் குழு அமைத்தது, அதே ஆண்டு டிசம்பரில் இணையதளமும் தொடங்கியது. முதலில் எடுத்துக்கொண்ட துறைகள் விவசாயக் கருவி, செல்போன் உள்ளிட்ட மின்னணு சாதனம், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் ஆகியவை. கைக்கடிகாரம் அந்தப் பட்டியலில் இல்லை.

கொடுக்கும் முன்

செயின் அறுந்த அன்று செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: விழுந்த துண்டுகளைப் பொறுக்கிப் பத்திரப்படுத்துவது. தேய்ந்த ஊசிகூட அடுத்த ஊசிக்கு அளவு சொல்லும். சேஃப்டி பின் குத்தியோ கம்பி சுற்றியோ கட்டிக்கொண்டு அலைவது துளையைக் கிழிக்கும். உடனடிப் பசை ஊற்றினால், பின்னால் அதை எடுக்கவே தனிக் கூலி ஆகும்.

கடையில் கொடுக்கும் முன் வாட்சையும் செயினின் இருபுறத்தையும் பூட்டின் உட்புற எழுத்துகளையும் படமெடுத்துக்கொள்ள வேண்டும். வாட்சின் எண், கண்ணிகளின் எண்ணிக்கை, தங்கமானால் எடை, செய்யப்போகும் வேலை, பாலிஷ் உண்டா இல்லையா, மாற்றிய பழைய பாகங்கள் திரும்பத் தரப்படுமா என்பதெல்லாம் ரசீதில் இருக்க வேண்டும். செயினை மட்டும் கழற்றிக் கொடுக்க முடியுமானால் வாட்சை விட்டுவிட்டு வரவேண்டிய அவசியமே இல்லை. வேலை கெட்டுப்போனால், 2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று மாவட்ட ஆணையத்தில் புகார் செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. விவரமான ரசீது இல்லாத புகார் பெரும்பாலும் நிற்காது.

அறாமல் பார்த்துக்கொள்வது இதைவிட மலிவு. வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான சோப்புக் கரைசல், ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ், மாதம் ஒரு முறை பத்து நிமிடம். பழைய வாட்சானால் செயினைத் தனியே கழற்றித்தான் கழுவ வேண்டும். வாட்ச் சர்வீசுக்குப் போகும்போதெல்லாம் இரண்டு ஸ்பிரிங் பார்களையும் கேள்வி கேட்காமல் மாற்றிவிடுவது நல்ல பழக்கம். சர்வீஸ் பில்லில் அந்தத் தொகை கண்ணுக்கே தெரியாது.

வரி குறையக் குறைய ஸ்விஸ் வாட்சுகள் இன்னும் அதிகமாக வந்திறங்கும். வாங்கும்போது கண்ணாடி அலமாரிக்குப் பஞ்சமிருக்காது. இன்னும் பத்துப் பதினைந்து வருடத்தில் அந்தச் செயின்களின் துளைகளும் தேயும், திருகுகளும் கழலும். அப்போது பழைய கண்ணியைத் தூக்கி எறியாமல் காப்பாற்றித் தரத் தெரிந்த மேஜைகள் எத்தனை மிஞ்சியிருக்கும் என்பது, இன்று அந்த மேஜைகளுக்கு வேலையும் பாகமும் கிடைக்கிறதா என்பதைப் பொறுத்தது.